ஒரு மாநிலத்தின் மழலையர் கல்வியை ஆய்வின் வழியே மேம்படுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் டென்னசி மாநிலம், வருமானம் குறைந்த குடும்பங்களின் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு அரசுச் செலவில் முன்பருவக் கல்வி அளிக்கிறது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் இந்தத் திட்டத்தை ஆராயத் தொடங்கினார்கள். முதல் ஆண்டு முடிவில் திட்டக் குழந்தைகள் எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் மற்றவர்களை முந்தியிருந்தார்கள். அடுத்த ஆண்டு கிண்டர்கார்டன் முடிவதற்குள் மற்றவர்கள் எட்டிப்பிடித்துவிட்டார்கள். மூன்றாம் வகுப்பில் திட்டக் குழந்தைகள் பின்தங்கினார்கள். ஆறாம் வகுப்பு வரையிலான முடிவுகள் 2022-ல் வெளிவந்தன. மாநிலத் தேர்வுகளில் அவர்களின் மதிப்பெண் குறைவாக இருந்தது. ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்களும் சிறப்புக் கல்விக்கு மாற்றப்பட்டவர்களும் அவர்களிடையே அதிகமாக இருந்தார்கள்.

அந்த ஆய்வை முதல் ஆண்டோடு முடித்திருந்தால் ஒரு வெற்றி அறிக்கையாக அச்சாகியிருக்கும். அதை நம்பி மற்ற மாநிலங்களும் பணம் ஒதுக்கியிருக்கும். பள்ளி வாசலில் எடுக்கும் ஒரே ஒரு அளவீட்டை வைத்து மழலையர் கல்வியை எடைபோடக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு டென்னசிதான் காரணம். வகுப்பறைக்குள் நாள் எப்படிக் கழிகிறது என்பதையும், அதே குழந்தை பல ஆண்டுகள் கழித்து எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆய்வால் ஒரு மாநிலத்துக்குப் பயன் உண்டு.

இந்த வழிகாட்டி அரசுத் துறையில் திட்டமிடும் அலுவலர்களுக்கும், தொண்டு நிறுவனங்களில் பணிபுரிபவர்களுக்கும், கல்வி, பொருளாதாரம், சமூகப்பணி படிக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் உரியது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்க மாநிலங்களிலிருந்து வருகின்றன. மாநில அளவிலான ஆய்வுகள் அங்குதான் நீண்ட காலமாக நடந்துவருகின்றன. தமிழ்நாட்டின் அங்கன்வாடிகளில் நடந்த ஓர் ஆய்வையும் விரிவாகப் பார்க்கப்போகிறோம். உலகத் தரத்தில் வைத்துப் பார்த்தாலும் அது முதல் வரிசையில் நிற்கக்கூடியது.

படி 1: மாநிலத்தால் செயல்படுத்தக்கூடிய கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

"முன்பருவக் கல்வி பயன் தருமா?" என்று கேட்டு ஆய்வைத் தொடங்காதீர்கள். ஆம் என்று விடை வந்தாலும் இல்லை என்று வந்தாலும், மறுநாள் காலை துறைச் செயலர் எந்த ஆணையில் கையெழுத்திடுவார்? கேள்விக்குள்ளேயே ஒரு முடிவு ஒளிந்திருக்க வேண்டும்: கூடுதலாக ஒரு பணியாளரை நியமிக்கலாமா, ஊதியத்தை உயர்த்தலாமா, வகுப்பு நேரத்தை மாற்றலாமா, பயிற்சி முறையை மாற்றலாமா?

விர்ஜீனியா மாநிலம் 2019-ல் இப்படித்தான் தொடங்கியது. மழலையர் ஆசிரியர்கள் ஓராண்டுகூட நிலைக்காமல் வேலையை விட்டுப் போவதுதான் அங்கு பெரும் சிக்கலாக இருந்தது. சிறு குழந்தைக்குப் பழகிய முகம் மாறுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எந்தத் தாயிடம் கேட்டாலும் சொல்வார். அங்குள்ள ஆய்வாளர்கள் எளிமையான கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்: எட்டு மாதங்கள் அதே மையத்தில் தொடர்ந்து பணியாற்றும் ஆசிரியருக்கு 1,500 டாலர் வரை ஊக்கத்தொகை கொடுத்தால் விலகல் குறையுமா? எந்த மையங்களுக்கு வாய்ப்பு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். விலகியவர்களின் விகிதம் 25 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக இறங்கியது. தனியார் குழந்தைக் காப்பகங்களில் அது 30-லிருந்து 15 சதவீதமானது. இதற்குப் பெரிய கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை. விடை கிடைத்ததும் மாநிலம் அதை விரிவாக்கியது.

உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி, துறையில் நிதி ஒதுக்கும் இடத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். "விடை இப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அவரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால் கேள்வியைத் திருத்தி எழுதுங்கள். இதற்கு ஒரு மாதம் செலவானாலும் தவறில்லை.

படி 2: "தயார்நிலை" என்றால் என்ன என்று எழுத்தில் முடிவு செய்யுங்கள்

2000-ஆம் ஆண்டுக்குள் அமெரிக்கக் குழந்தைகள் அனைவரும் கற்கத் தயாரான நிலையில் பள்ளியில் சேர வேண்டும் என்று 1990-களில் அந்நாடு ஒரு தேசிய இலக்கை அறிவித்தது. அதற்காக அமைக்கப்பட்ட குழு தயார்நிலையை ஐந்து கூறுகளாகப் பிரித்தது: உடல்நலமும் உடலியக்கமும், சமூக உணர்வு வளர்ச்சி, கற்றலை அணுகும் விதம், மொழி, பொது அறிவும் சிந்தனையும். இன்றுவரை பெரும்பாலான மாநிலங்கள் இந்தப் பகுப்பைச் சுற்றியே இயங்குகின்றன.

பட்டியலை ஏற்றுக்கொள்வது எளிது. அதன்படி அளப்பது கடினம். எழுத்துகளை அடையாளம் காட்டச் சொல்வதும், ஒன்று முதல் இருபது வரை எண்ணச் சொல்வதும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் தன் முறை வரும்வரை காத்திருக்க முடிகிறதா, தொடங்கிய வேலையைத் தொடர்கிறாளா, கேட்ட கதையைத் தன் சொற்களில் சொல்கிறானா என்பதை அளக்கப் பயிற்சி பெற்ற கண்கள் வேண்டும். எளிதாக அளக்க முடிந்தவற்றையே மாநிலங்கள் அளக்கின்றன. அளக்கப்படுவதையே மையங்கள் கற்பிக்கின்றன. நான்கு வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதவைக்கும் பழக்கம் நம் நர்சரிப் பள்ளிகளில் வேரூன்றியதற்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். உங்கள் ஆய்வு அந்தப் பழக்கத்துக்கு வலு சேர்த்துவிடக் கூடாது.

படி 3: எந்தக் குழந்தை எங்கே இருக்கிறது என்று கணக்கெடுங்கள்

நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோரும் ஒரே வகை இடத்தில் இருப்பதில்லை. அமெரிக்காவில் மாநிலத்தின் முன்பருவ வகுப்பு, 1965 முதல் நடுவண் அரசின் நிதியில் நடக்கும் ஹெட் ஸ்டார்ட், தனியார் காப்பகம், பாட்டி வீடு எனப் பல இடங்கள். தமிழ்நாட்டில் அங்கன்வாடி, நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் 2019-ல் தொடங்கப்பட்ட எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள், தனியார் நர்சரிப் பள்ளிகள், வீடு.

போதாக்குறைக்குக் குழந்தைகள் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. ராஜஸ்தான், அசாம், ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசம் ஆகிய இடங்களில் நான்கு வயதுக் குழந்தைகளை எட்டு வயது வரை தொடர்ந்த ஒரு பெரிய இந்திய ஆய்வின் முடிவுகள் 2017-ல் வெளிவந்தன. மூன்று வயதில் முன்பருவக் கல்வி, ஆறு வயதில் ஒன்றாம் வகுப்பு என்ற நேர்கோட்டில் குழந்தைகள் செல்வதில்லை என்பதை அது காட்டியது. அங்கன்வாடியில் சேர்ந்து, இடையில் தனியார் பள்ளிக்குப் போய், சில மாதங்கள் வீட்டில் இருந்து, மீண்டும் திரும்பி வரும் குழந்தைகள் ஏராளம்.

ஆகவே ஆய்வுக்கு முன் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். முதலாவதாக, சில ஊராட்சிகளையும் நகர வார்டுகளையும் எடுத்து வீடு வீடாகச் சென்று, மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் பட்டியலைத் தயாரியுங்கள். மையத்தின் பதிவேட்டை மட்டும் நம்பினால் மையத்துக்கு வராத குழந்தை உங்கள் ஆய்வில் இல்லாமலே போய்விடும். இரண்டாவதாக, தரவுகளை இணைக்கும் வழியை முதல் நாளிலேயே பேசி முடியுங்கள். தமிழ்நாட்டில் அங்கன்வாடி சமூக நலத் துறையின் கீழ் வருகிறது. அதன் தகவல்கள் நடுவண் அரசின் போஷன் டிராக்கர் செயலியில் பதிவாகின்றன. பள்ளி மாணவர்களின் தகவல்கள் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் உள்ளன. இவ்விரண்டையும் இணைக்க ஓர் அடையாள எண்ணும், தகவல் பாதுகாப்பு ஒப்பந்தமும், எழுத்துப்பூர்வமான அனுமதியும் வேண்டும். வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழகத்தில் உள்ள கல்வித் தரவு மையம் இத்தகைய இணைப்பைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருவதால்தான், அங்கே தொடங்கிய மழலையர் திட்டங்களின் விளைவை நடுநிலை வகுப்புகள் வரை பின்தொடர முடிந்தது.

படி 4: அளவுகோலைப் பொறுப்போடு தேர்ந்தெடுங்கள்

அளவுகோல்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். குழந்தையோடு நேரில் அமர்ந்து விளையாட்டுப் போலச் செய்யும் மதிப்பீடு முதல் வகை. ஆசிரியர் நிரப்பும் வினாத்தாள் இரண்டாவது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான, 103 கேள்விகள் கொண்ட கருவி இதில் புகழ்பெற்றது. ஆஸ்திரேலியா 2009 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு முழுவதும் அதன் அடிப்படையில் கணக்கெடுக்கிறது. இது தனிக் குழந்தைக்கு மதிப்பெண் போடுவதற்கான கருவி அன்று. எந்தப் பகுதியில் குழந்தைகள் பின்தங்கும் அபாயத்தில் இருக்கிறார்கள் என்று வரைபடமாகக் காட்டுவதே அதன் வேலை. மூன்றாவது வகை வகுப்பறையைக் கவனிப்பது. அதைத் தனியாகப் பார்ப்போம்.

விர்ஜீனியா முதலிரண்டு வகைகளையும் கலந்து பயன்படுத்துகிறது: எழுத்தறிவையும் கணிதத்தையும் நேரடி மதிப்பீட்டாலும், தற்கட்டுப்பாட்டையும் சமூகத் திறனையும் ஆசிரியரின் கணிப்பாலும் அளக்கிறது. இந்தக் கலவை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆசிரியரின் கணிப்பு ஆளுக்கு ஆள் மாறும். நேரடி மதிப்பீட்டின்போது புதியவரைக் கண்ட குழந்தை வாயே திறக்காமல் இருந்துவிடும். ஒன்றின் குறையை மற்றொன்று ஓரளவு ஈடுகட்டுகிறது.

எந்தக் கருவியானாலும் அதை அப்படியே மொழிபெயர்த்துப் பயன்படுத்தாதீர்கள். ஆங்கிலத்தில் ஒலிகளைப் பிரித்துக் காட்டும் பயிற்சி, உயிர்மெய் எழுத்துகளைக் கொண்ட தமிழுக்கு அப்படியே பொருந்தாது. படத்தில் பனிமனிதன் இருந்தால் இராமநாதபுரத்துக் குழந்தைக்கு அது என்னவென்றே தெரியாது. வீட்டில் தெலுங்கோ உருதுவோ கன்னடமோ பேசும் குழந்தைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த மொழியிலேயே சொல்ல ஏற்பாடு வேண்டும். முதலில் ஒரு சிறு குழுவிடம் சோதித்துப் பாருங்கள். எல்லாக் குழந்தைகளும் சரியாகச் செய்யும் கேள்வியையும், ஒருவரும் செய்யாத கேள்வியையும் நீக்குங்கள். ஒரே குழந்தையை இருவர் தனித்தனியே மதிப்பிட்டு, முடிவுகள் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த மதிப்பெண்ணை வைத்து எந்தக் குழந்தையையும் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. எந்தப் பணியாளரையும் தண்டிக்கவும் கூடாது. அந்தப் பயம் ஒருமுறை பரவிவிட்டால் அதற்குப் பிறகு வரும் எண்கள் எதையும் நம்ப முடியாது.

படி 5: நேர்மையான ஒப்பீட்டை உருவாக்குங்கள்

ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரத்தையும் பணத்தையும் இங்கே தாராளமாகச் செலவிடுங்கள். திட்டத்தில் சேர்ந்த குழந்தையையும் சேராத குழந்தையையும் வெறுமனே ஒப்பிட்டால் விடை தவறாகத்தான் வரும். தேடிப்போய்ச் சேர்க்கும் பெற்றோர் பல வகைகளிலும் வேறுபட்டவர்கள். குழந்தையின் முன்னேற்றத்தில் அவர்களுடைய பங்கு எது, மையத்தின் பங்கு எது என்று பிரிக்க முடியாது.

மிகத் தூய வழி குலுக்கல். டென்னசியில் இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாக இருந்த பள்ளிகளில், யாருக்கு இடம் என்பதைக் குலுக்கல் வரிசையில் தீர்மானித்தார்கள். அப்படித் திரண்ட 2,990 குழந்தைகளைத்தான் ஆறாம் வகுப்பு வரை பின்தொடர்ந்தார்கள். அதில் ஒரு சறுக்கல் நேர்ந்தது. நீங்கள் அதைத் தவிர்க்க வேண்டும். நேரடி மதிப்பீட்டுக்கான பெற்றோர் சம்மதத்தைக் குலுக்கல் முடிந்த பிறகே கேட்டார்கள். இடம் கிடைத்த பெற்றோர் சம்மதித்த அளவுக்கு இடம் கிடைக்காதவர்கள் சம்மதிக்கவில்லை. அந்தப் பகுதி ஆய்வில் இரு குழுக்களும் சமமானவையா என்ற கேள்வி எழுந்தது. முழுக் குழுவின் பள்ளிப் பதிவுகள் கையில் இருந்ததால்தான் பின்னர் உறுதியான விடையைப் பெற முடிந்தது. சம்மதத்தைக் குலுக்கலுக்கு முன்பே வாங்குங்கள்.

எல்லாக் குழந்தைக்கும் இடம் உண்டு என்ற நிலையில் குலுக்கலுக்கு இடமில்லை. ஓக்லஹோமா 1998-ல் நான்கு வயதினர் அனைவருக்கும் கதவைத் திறந்தது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கோர்ம்லியும் உடன் பணிபுரிந்தவர்களும் அம்மாநிலத்தின் டல்சா நகரில் பிறந்தநாளைத் துணைக்கு அழைத்தார்கள். செப்டம்பர் 1-க்குள் நான்கு வயது நிறைந்தால் அந்த ஆண்டே சேரலாம். ஒரு நாள் தாண்டினாலும் அடுத்த ஆண்டுதான். ஆகஸ்ட் கடைசியில் பிறந்த குழந்தையும் செப்டம்பர் தொடக்கத்தில் பிறந்த குழந்தையும் வேறு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒருவர் ஓராண்டு படித்து முடித்திருப்பார், மற்றவர் அப்போதுதான் சேர்ந்திருப்பார். இருவரையும் ஒரே வாரத்தில் மதிப்பிட்டு ஒப்பிட்டார்கள். 2006-இன் மதிப்பீட்டில், படித்து முடித்தவர்கள் வாசிப்புக்கு முந்தைய திறனில் ஒன்பது மாதமும், எழுத்துக்கு முந்தைய திறனில் ஏழு மாதமும், கணிதத்தில் ஐந்து மாதமும் முன்னே இருந்தார்கள். அழகான முறைதான், ஆனால் அடுத்த ஆண்டே இரண்டாவது குழந்தையும் படித்துவிடுவதால், நீண்ட கால விளைவைப் பற்றி இந்த முறையால் எதுவும் சொல்ல இயலாது.

மூன்றாவது வழியே நம் மாநிலங்களுக்கு மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன்: படிப்படியான விரிவாக்கம். எந்த அரசாலும் ஒரு புதிய திட்டத்தை எல்லா இடத்திலும் ஒரே நாளில் தொடங்க முடியாது. முதல் ஆண்டில் எந்த ஒன்றியங்கள், இரண்டாம் ஆண்டில் எவை என்பதைச் செல்வாக்குக்கு விடாமல் குலுக்கலுக்கு விட்டால், காத்திருக்கும் ஒன்றியங்களே ஒப்பீட்டுக் குழுவாகின்றன. யாருக்கும் அநீதி இல்லை; எல்லோருக்கும் திட்டம் கிடைக்கத்தான் போகிறது.

எத்தனை மையங்கள் வேண்டும் என்ற கேள்வியில் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரே மையத்தின் குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள்: அதே பணியாளர், அதே தெரு, அதே தண்ணீர். ஆகவே மையத்துக்குள் குழந்தைகளைக் கூட்டுவதைவிட மையங்களைக் கூட்டுவதே பலன் தரும். ஒரு கணக்கு போடுவோம். ஒரே மையக் குழந்தைகளிடையே உள்ள ஒற்றுமையின் அளவு 0.15 என்று கொள்ளுங்கள் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் முழு ஒற்றுமை). 40 மையங்களில் தலா 20 பேர் என 800 குழந்தைகளை எடுத்தால், ஒற்றுமையால் வரும் பெருக்கம் 1 + (19 × 0.15), அதாவது 3.85. 800-ஐ இதனால் வகுத்தால், அந்த 800 குழந்தைகளும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த சுமார் 208 குழந்தைகளுக்குத்தான் சமம். அதே 800 பேரை 80 மையங்களில் தலா 10 பேராக எடுத்தால் பெருக்கம் 2.35, இப்போது சுமார் 340 குழந்தைகளுக்குச் சமம். ஊழியர்களின் பயணச் செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் விடையே சொல்ல முடியாத ஆய்வுக்குச் செலவழிப்பதைவிட அது மேல்.

படி 6: வகுப்பறைக்குள் உட்கார்ந்து நிமிடங்களை எண்ணுங்கள்

முன்பு சொன்ன தமிழ்நாட்டு ஆய்வுக்கு வருவோம். அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் தமிழ்நாடு அரசோடு சேர்ந்து நான்கு மாவட்டங்களின் 320 அங்கன்வாடிகளில் இதை நடத்தினார்கள். நாடு முழுவதும் 1975 முதல் நடக்கும் அங்கன்வாடித் திட்டத்தில், ஓர் அங்கன்வாடிப் பணியாளர் சத்துணவும் பார்க்க வேண்டும், எடையும் எடுக்க வேண்டும், கர்ப்பிணிகளைச் சந்திக்க வேண்டும், பதிவேடுகளை நிரப்ப வேண்டும். இத்தனைக்கும் நடுவே பாடமும் நடத்த வேண்டும். பாடத்திட்டம் இல்லாமல் இல்லை. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற நல்ல பாடத்திட்டமே இருக்கிறது. அதை நடத்த நேரம்தான் இல்லை. குலுக்கலில் தேர்வான பாதி மையங்களில், முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக நியமித்தார்கள்.

கற்பித்தல் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களுக்குப் பிறகு, மையத்தில் தொடர்ந்து இருந்த குழந்தைகளின் கணித மதிப்பெண் 0.29 திட்ட விலக்க (மதிப்பெண்களின் பரவலைக் காட்டும் புள்ளியியல் அலகு) அளவும், மொழி மதிப்பெண் 0.46 திட்ட விலக்க அளவும் உயர்ந்தன. நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் ஒரு குழந்தை கணிதத்தில் கீழிருந்து ஏறக்குறைய 61-ஆம் இடத்துக்கும், மொழியில் 68-ஆம் இடத்துக்கும் முன்னேறியதற்கு இது ஒப்பாகும். கையில் நேரம் மிஞ்சியதால் பழைய பணியாளர் ஊட்டச்சத்து வேலைகளைக் கவனிக்க முடிந்தது. வயதுக்கேற்ற உயரமின்மையும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் அந்த மையங்களில் குறைவாக இருந்தன. செலவைவிடப் பலன் 13 முதல் 21 மடங்கு இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

மதிப்பெண்களை மட்டும் அளந்திருந்தால், புதிய பணியாளர் அதிகத் திறமைசாலி என்று யாராவது முடிவுகட்டியிருப்பார்கள். நேரத்தையும் அளந்ததால்தான் மாற்றம் எந்த வழியாக வந்தது என்று தெரிந்தது. டென்னசியிலும் வகுப்பறைகளைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு மாறுவதிலும், வரிசையில் நிற்பதிலும், காத்திருப்பதிலும் நாளில் கணிசமான நேரம் போய்க்கொண்டிருந்தது. எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாக உட்காரவைத்து ஆசிரியர் பேசும் நேரம் அதிகம், குழந்தை பேச ஆசிரியர் கேட்கும் நேரம் குறைவு.

கவனிப்பதற்கு ஒழுங்கான முறை வேண்டும். அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஒரு கருவி, உணர்வு ஆதரவு, வகுப்பு ஒழுங்கமைப்பு, கற்பித்தல் ஆதரவு என மூன்று கூறுகளை 1 முதல் 7 வரையிலான அளவில் மதிப்பிடுகிறது. பயிற்சி பெற்றவர்களால்தான் அதைப் பயன்படுத்த முடியும். உங்களிடம் அதற்கான வசதி இல்லாவிட்டால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நான்கு விவரங்களைக் குறித்தாலே நிறையத் தெரியும்: பணியாளர் என்ன செய்கிறார், குழந்தைகளில் எத்தனை பேர் ஈடுபட்டிருக்கிறார்கள், பேசுவது யார், என்ன பொருள் கையில் இருக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல், வாரத்தின் வெவ்வேறு நாட்களில் செல்லுங்கள்.

படி 7: களப்பணி

களப்பணியாளர்களை உள்ளூரிலிருந்து எடுங்கள். பயிற்சியின் பெரும்பகுதி உண்மையான குழந்தைகளோடு நடக்கட்டும். எந்த மையம் திட்டத்தில் இருக்கிறது என்பது மதிப்பீடு செய்பவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோரின் சம்மதத்தைப் படித்துக்காட்டி வாங்குங்கள். பெற்றோர் சம்மதித்தாலும், குழந்தை அழுதால், எழுந்து போக நினைத்தால், அன்றைய மதிப்பீடு அத்துடன் முடிந்தது. இதில் எந்த விதிவிலக்கும் வேண்டாம். பசித்த குழந்தையையும் தூக்கம் வந்த குழந்தையையும் மதிப்பிடாதீர்கள். உணவு நேரத்துக்கு முந்தைய அரைமணியைத் தவிர்த்தாலே தரவின் தரம் உயரும்.

படி 8: பகுப்பாய்வு

எந்த விளைவை முதன்மையாகக் கருதுவீர்கள் என்பதைத் தரவு வருவதற்கு முன்பே எழுதிப் பொதுவெளியில் பதிந்துவிடுங்கள். குலுக்கலில் இடம் கிடைத்தும் வராதவர்களைக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள், ஒதுக்கப்பட்டபடியே ஒப்பிடுங்கள்.

ஆய்விலிருந்து விலகிய குழந்தைகளைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். தமிழ்நாட்டு ஆய்வில் மேலே சொன்ன எண்கள் மையத்திலேயே தொடர்ந்தவர்களுக்கு உரியவை. தனியார் பள்ளிக்குப் போய்விட்டவர்களையும் சேர்த்து வீடுகளில் மதிப்பிட்டபோது முன்னேற்றம் அதைவிடக் குறைவாகவே தெரிந்தது. இரண்டையும் அவர்கள் வெளியிட்டார்கள். துறைக்கு இரண்டும் தேவை: மையத்தில் இருக்கும் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்பது ஒரு தகவல், ஊரின் மொத்தக் குழந்தைகளுக்கு என்ன கிடைக்கிறது என்பது வேறொரு தகவல்.

படி 9: பல ஆண்டுகள் விடாமல் பின்தொடருங்கள்

மிச்சிகனின் இப்சிலான்டி நகரில் 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி முன்பள்ளித் திட்டத்தில் 123 குழந்தைகள்தான் இருந்தார்கள். 58 பேர் திட்டத்தில், 65 பேர் வெளியே. நுண்ணறிவுத் தேர்வில் கிடைத்த முன்னேற்றம் சில ஆண்டுகளிலேயே மறைந்துவிட்டது. ஆனால் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தபோது, திட்டத்தில் இருந்தவர்கள் அதிகம் படித்திருந்தார்கள், அதிகம் சம்பாதித்தார்கள், குற்ற வழக்குகளில் குறைவாகச் சிக்கியிருந்தார்கள்.

பாஸ்டன் நகரின் கதை இன்னும் வியப்பானது. 1997 முதல் 2003 வரை அங்கே முன்பருவ வகுப்புகளுக்குக் குலுக்கலில் விண்ணப்பித்த 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். அந்த ஆய்வாளர்களில் ஒருவர், தமிழ்நாட்டு அங்கன்வாடி ஆய்வில் பங்கேற்ற அதே வால்டர்ஸ். மாநிலத் தேர்வு மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் உயர்நிலைப் பள்ளி முடித்ததும் கல்லூரியில் சேர்ந்தவர்கள் 8 சதவீதப் புள்ளிகள் அதிகம். பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் குறைவு.

டென்னசியில் முதலில் கிடைத்த நல்ல எண் பிறகு தலைகீழானது. பாஸ்டனில் இடையில் ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றி, பிறகு பலன் தெரிந்தது. இரண்டிலும், பள்ளி வாசலில் எடுத்த அளவீட்டால் பின்னால் வரப்போவதைச் சொல்ல முடியவில்லை. எனவே முதல் நாளிலிருந்தே நீண்ட பயணத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்: பெற்றோரின் தொலைபேசி எண்ணோடு உறவினர் ஒருவரின் எண்ணையும் வாங்குங்கள், ஆண்டுக்கு ஒருமுறை தொடர்புகொள்ளுங்கள், படி 3-இல் சொன்ன தரவு இணைப்பைக் காப்பாற்றுங்கள். மதிப்பெண்ணோடு வருகை, இடைநிற்றல், நடத்தை ஆகியவற்றையும் குறித்துவையுங்கள். ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் என்ன கற்பிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். மழலை வகுப்பில் கற்றதையே ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் மீண்டும் நடத்தினால், முன்னே நின்ற குழந்தை ஓராண்டு அங்கேயே நிற்கும். மற்றவர்கள் எட்டிப்பிடிப்பது இயல்பு. அந்தக் குறையை மழலையர் திட்டத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

படி 10: முடிவுகளை உரியவர்களிடம் சேர்த்து, விரிவாக்கத்தையும் ஆராயுங்கள்

முதல் அறிக்கை அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் போக வேண்டும். தமிழில், சில பக்கங்களில், அவர்கள் மையம் பற்றிய தகவலோடு. அவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொண்டுதான் ஆய்வு நடந்தது. பல ஆய்வுகள் இந்த மரியாதையைச் செய்வதே இல்லை. துறைக்குத் தரும் அறிக்கையில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவு என்பது முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். நிதிநிலை அறிக்கை தயாராகும் காலத்துக்கு முன்பே அது அவர்கள் கையில் இருக்க வேண்டும். தாமதமாக வரும் நல்ல முடிவால் ஓராண்டு வீணாகிறது.

தமிழ்நாட்டு ஆய்வின் 160 மையங்களில் ஆய்வாளர்களின் கண்காணிப்பில் வென்ற ஒன்று, 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ள மாநிலத்தில் அப்படியே வெல்லும் என்று கொள்ளாதீர்கள். கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களை நியமிக்கும் திட்டத்தைத் தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது; அதே திட்டத்தை அரசு நடத்திய பள்ளிகளில் எந்த உயர்வும் இல்லை. புதிய பணியாளரைப் பாடத்துக்கென்று நியமித்துவிட்டுப் பதிவேடு எழுதவும் கூட்டங்களுக்குப் போகவும் அனுப்பினால், கூடுதலாகக் கிடைத்த அந்த நேரம் கரைந்துவிடும். விரிவாக்க ஆணையிலேயே அவரது வேலை இன்னதென்று வரையறுக்கச் சொல்லுங்கள். எந்த மாவட்டம் எந்த ஆண்டு என்பதை மீண்டும் குலுக்கலில் தீர்மானிக்கச் சொல்லுங்கள். விரிவாக்கத்துக்கு ஒதுக்கும் நிதியிலேயே ஒரு சிறு பங்கை, வகுப்பறை நிமிடங்களை மீண்டும் எண்ணுவதற்கும் முதல் தொகுதிக் குழந்தைகளை மூன்றாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேடிச் சென்று பார்ப்பதற்கும் ஒதுக்கி வைக்கக் கேளுங்கள்.